இது பச்சைத் தண்ணி இல்ல பாஸ்!

முதலில் ஒரு விடுகதை. நிறம் கிடையாது. வாசனை கிடையாது. சர்பத் மாதிரி லேசாகக் கொழகொழவென்று இருக்கும். நாக்கில் பட்டால் இனிக்கும் (தயவுசெய்து டெஸ்ட் பண்ணிப் பார்க்காதீர்கள்!). தண்ணீரில் ஊற்றினால் எந்த அளவிலும் கலந்துவிடும். உங்கள் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலில் இதற்குப் பங்கு உண்டு. பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தால் அதிலும் உண்டு. காலேஜ் பஸ்ஸின் ரேடியேட்டரில் சாயம் பூசிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கலாம். யார் இந்த ஆசாமி?

மெக்கானிக்கல் பசங்க 'கூலன்ட்' என்று கத்தியிருப்பீர்கள். கெமிஸ்ட்ரி மாணவிகள் 'எத்திலீன் கிளைக்கால்' என்று அமைதியாகச் சொல்லியிருப்பீர்கள். இரண்டு பேருக்கும் பாஸ் மார்க்! மெக்கானிக் ஷாப்பில் பச்சை நிறத்தில் ஒரு கேன் இருக்குமே, அதற்குள் இருக்கும் முக்கியச் சரக்கு இதுதான். பச்சை அதன் சொந்த நிறம் அல்ல. எங்காவது ஒழுகினால் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவும் வகை பிரித்துக் காட்டவும் கம்பெனிகள் சேர்க்கும் சாயம். சில பிராண்டுகளில் சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்றும் வரும்.

1856-ல் இதை முதன்முதலில் தயாரித்தவர் சார்ல்ஸ் அடால்ஃப் வுர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் நடுவில் நிற்கிற பொருள் என்பதால் முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் ஒட்டி 'கிளைக்கால்' என்று பெயர் வைத்தார். இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். பத்தே பத்து அணுக்கள். அவ்வளவுதான் மேட்டர்.

ப்ளஸ் டூவில் படித்தது வீண் போகவில்லை

'உறைநிலைத் தாழ்வு' என்று ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரில் வேறொன்றைக் கரைத்தால் அது உறைவதற்கு இன்னும் குளிர வேண்டும் என்கிற விஷயம். தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும். சுத்தமான எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியில் உறையும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால்? சராசரி போட்டு மைனஸ் ஆறரை என்று சொன்னீர்கள் என்றால் அவுட்! விடை, மைனஸ் 37 டிகிரி. தண்ணீர் மூலக்கூறுகள் கைகோத்துப் பனிக்கட்டியாக வரிசை கட்டும்போது, நடுவில் இந்த ஆசாமி புகுந்து வரிசையைக் கலைத்துவிடுகிறார். இவரால் அவர்களும் சேர முடியவில்லை, அவர்களால் இவரும் சேர முடியவில்லை. ரெண்டு பேருமே திரவமாகவே நிற்கிறார்கள்.

இதனால் என்ன லாபம்? தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவிகிதம் வீங்கும். மூடிய எஞ்சினுக்குள் அது வீங்கினால் வார்ப்பிரும்பே வெடித்துவிடும். குளிர் தேசங்களில் ஆரம்பகாலக் கார்க்காரர்கள் ஆல்கஹால் ஊற்றிச் சமாளித்தார்கள். அதுவோ எஞ்சின் சூட்டில் ஆவியாகிக் காணாமல் போகும், திரும்பத் திரும்ப ஊற்றவேண்டும். 197 டிகிரி வரை கொதிக்காத எத்திலீன் கிளைக்கால் 1920-களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த பிறகுதான் நிம்மதி.

'நம்ம ஊரில் பனி எங்கே பாஸ்?' என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அதே கலவை மறுபக்கமும் வேலை செய்கிறது. பாதிக்குப் பாதி கலவை சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது. ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தம் கொடுப்பதால் இன்னும் மேலேயே போகும். கூடவே துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்துகள் வேறு. மே மாத வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்கிற டிராஃபிக்கில் கார் கொதிக்காமல் நிற்பதற்கு இந்த ஆசாமியும் ஒரு காரணம்.

ஆனால் எஞ்சின் வேலை இதற்கு ஒரு சைடு பிசினஸ்தான். உலகில் தயாராகும் எத்திலீன் கிளைக்காலில் பெரும்பங்கு போவது பாலியஸ்டர் நூலுக்கும் பெட் பாட்டிலுக்கும். ஒரு பெட் பாட்டிலின் எடையில் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் இதன் பங்களிப்பு. பதறாதீர்கள். அங்கே அது வேதிவினையில் கட்டுண்டு வேறு பொருளாகிவிட்டது. பாட்டில் என்பது கூலன்ட் இல்லை.

எங்கிருந்து வருகிறது?

கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாஃப்தாவையோ, இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கும் ஈத்தேனையோ 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி உடைத்தால் எத்திலீன் வரும். அதை வெள்ளி வினையூக்கி மேல் ஆக்சிஜனோடு ஓட்டினால் எத்திலீன் ஆக்சைடு. இந்த இடத்தில் ஒரு பகுதி எத்திலீன் வழிதவறி முழுசாக எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். எத்திலீன் ஆக்சைடு வேறு லேசுப்பட்ட ஆள் இல்லை, புற்றுநோய் உண்டாக்கும் வாயு. அதோடு தண்ணீரைச் சேர்த்தால் நம் ஹீரோ. கூடவே ஒரு தம்பியும் பிறப்பான். பெயர் டைஎத்திலீன் கிளைக்கால். இந்தத் தம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளைக்குப் பிறகு வில்லன் அவன்தான்.

'பெட்ரோலியம் இல்லாமல் முடியாதா?' முடியும். உத்தரகண்ட் மாநிலம் காசிப்பூரில் கரும்பு மொலாசஸிலிருந்து ஆல்கஹால், ஆல்கஹாலிலிருந்து எத்திலீன், அதிலிருந்து கிளைக்கால் என்று செய்துகாட்டியிருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் கரும்பிலிருந்து வந்தாலும் மூலக்கூறு அதே மூலக்கூறுதான். 'பயோ' என்று லேபிள் ஒட்டியதால் விஷம் பாயசம் ஆகிவிடாது.

ஒரு லிட்டர், பதினாறு லாரி

சரி, கீழே கொட்டினால் என்ன ஆகும்? மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல பிள்ளை. பிளாஸ்டிக் மாதிரி நூற்றாண்டுக் கணக்கில் கிடக்காது. டி.டி.டி. மாதிரி மீன், பறவை என்று உடம்பு உடம்பாகச் சேர்ந்துகொண்டும் போகாது. மண்ணிலும் நீரிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தின்று தீர்த்துவிடும். 'அப்புறம் என்ன, கொட்டிடலாம்' என்று கேனைத் தூக்காதீர்கள். பாக்டீரியா சாப்பிடும்போது மூச்சும் விடுமே! அதற்கு ஆக்சிஜன் வேண்டுமே!

ஒரு சின்னக் கணக்கு. 62 கிராம் எத்திலீன் கிளைக்கால் முழுவதும் சிதைய 80 கிராம் ஆக்சிஜன் தேவை. சமன்பாட்டை எழுதிச் சரிபாருங்கள், தப்பில்லை. ஒரு லிட்டரின் எடை சுமார் 1.11 கிலோ. அதற்கு வேண்டியது 1.43 கிலோ ஆக்சிஜன். நம் ஊர் வெதுவெதுப்பில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருப்பது அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன். வகுத்தால்? சுமார் 1,90,000 லிட்டர்! 12,000 லிட்டர் தண்ணி லாரி என்றால் பதினாறு லாரி. அத்தனை தண்ணீரில் இருக்கும் மொத்த மூச்சையும் ஒரே ஒரு லிட்டர் கிளைக்கால் குடித்துவிடும். ஓடுகிற ஆற்றில் காற்றிலிருந்து புது ஆக்சிஜன் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், தப்பிக்கும். தேங்கிய குட்டையிலும் ஏரி ஓரத்திலும் மீன்கள்தான் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும்.

குளிர் நாட்டு விமான நிலையங்களில் இது ஆண்டுதோறும் வரும் தலைவலி. இறக்கையில் பனி ஒட்டியிருந்தால் விமானம் கிளம்பக் கூடாது. அதனால் கிளைக்கால் கலவையைச் சூடாகப் பீய்ச்சி அடிக்கிறார்கள். வழிந்தோடுவது பக்கத்து ஓடைக்குப் போகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-ல் இந்தக் கழிவுநீருக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. விஷத்தன்மை குறைந்த புரொப்பிலீன் கிளைக்காலுக்குப் பலர் மாறியும்விட்டார்கள். ஆனால் அதே கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு இன்னும் கூடுதலாக, சுமார் 1.7 கிலோ ஆக்சிஜன் கேட்கும்! ஒரு பிரச்னையைத் தள்ளினால் இன்னொன்று எட்டிப் பார்க்கிறது. கெமிஸ்ட்ரி என்றால் சும்மாவா?

பழைய கூலன்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஞ்சினுக்குள் சுற்றிச் சுற்றி, ஈயம், செம்பு போன்ற உலோகங்களையும் அரித்துக்கொண்டு வரும். பாக்டீரியா கிளைக்காலைச் சாப்பிடும், ஈயத்தை என்ன செய்யும்? துருத்தடுப்புக்குச் சேர்க்கும் டிரையசோல் வகைப் பொருட்களும் அவ்வளவு சீக்கிரம் அழியாது.

நாக்கு கோட்டை விடும் இடம்

இப்போது அந்த இனிப்புக்கு வருவோம். பொதுவாக விஷம் என்றால் கசக்கும், நாறும், எரியும். நாக்கும் மூக்கும் நமக்கு வாட்ச்மேன்கள். எத்திலீன் கிளைக்கால் வரும்போது ரெண்டு வாட்ச்மேனும் சல்யூட் அடித்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். தரையில் சிந்திய கூலன்டை நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போவது வெளிநாடுகளில் அடிக்கடி நடக்கிறது. அதனாலேயே அமெரிக்காவில் சில மாநிலங்கள் கசப்புச் சேர்க்கச் சட்டம் போட்டன. 2012 டிசம்பரில் அங்குள்ள தயாரிப்பாளர்கள் கடையில் விற்கும் எல்லா கூலன்டிலும் கசப்புப் பொருள் சேர்க்கத் தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள்.

உள்ளே போனதும் என்ன நடக்கும்? முதலில் போதை மாதிரி இருக்கும். அதனாலேயே யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையில் கிளைக்கால் தானாகச் செய்யும் கெடுதல் கொஞ்சம்தான். நம் கல்லீரல்தான் நல்லது செய்வதாக நினைத்து அதை உடைத்து, கடைசியில் ஆக்சாலிக் அமிலமாக்குகிறது. அது ரத்தத்திலிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகமாகச் சிறுநீரகத்தை அடைக்கிறது. கல்லீரலின் அந்த நொதியைத் தடுக்க மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரத்தில் போனால் பிழைக்கலாம். எனவே யாராவது தவறிக் குடித்துவிட்டால் மோர் கொடுக்கிறேன், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று டைம் வேஸ்ட் பண்ணாமல், கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவும்.

தம்பி வருகிறான்

டைஎத்திலீன் கிளைக்கால். இவனும் நிறமில்லாத, இனிக்கிற, கொழகொழ திரவம். 1985-ல் ஆஸ்திரியாவில் சில ஒயின் தயாரிப்பாளர்கள், சரக்கு உயர்தரமாகத் தோன்றட்டும் என்று இவனைக் கலந்து மாட்டிக்கொண்டார்கள். ஊர் சிரித்தது. ஆனால் இவன் மருந்து பாட்டிலுக்குள் நுழைந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

1937, அமெரிக்கா. சல்ஃபனிலமைடு என்ற மருந்தைச் சிரப்பாக்க ஒரு நிறுவனம் டைஎத்திலீன் கிளைக்காலைக் கரைப்பானாகப் போட்டது. ராஸ்பெரி வாசனை சேர்த்தது. நிறம் சரியா, மணம் சரியா, சுவை சரியா என்று பார்த்தது. விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். விற்பதற்கு முன் மருந்து பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும் என்கிற சட்டம் அங்கே 1938-ல் வந்ததே இதனால்தான்.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1972-ல் சென்னையிலேயே 15 குழந்தைகள். 1986-ல் மும்பையில் 14 நோயாளிகள். 1998-ல் டெல்லியை ஒட்டிய குர்கானில் 33 குழந்தைகள். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் ஒரு டஜன் குழந்தைகள். 2022-ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள், சந்தேகத்துக்குள்ளானது இந்தியாவில் தயாரான சிரப்கள். அதே ஆண்டு இந்தோனேசியாவில் 200-க்கும் மேல். ஊர் வேறு, பாட்டில் வேறு, பூதம் ஒன்றுதான்.

எப்படி நுழைகிறது? இருமல், காய்ச்சல் சிரப்களில் மருந்தைக் கரைக்கப் புரொப்பிலீன் கிளைக்காலோ கிளிசரினோ வேண்டும். இரண்டும் பாதுகாப்பானவை, மருந்துத் தரத்தில் கிடைப்பவை. விலைதான் கூடுதல். தொழிற்சாலைத் தரச் சரக்கு மலிவு. பார்க்க அச்சு அசல் அதேதான். பேரலில் ஒட்டியிருக்கும் லேபிளை நம்பி, சோதிக்காமல் ஊற்றினால் முடிந்தது கதை.

2025 அக்டோபரில் இந்தக் கதை நம் வாசலுக்கே வந்தது. மத்தியப் பிரதேசம் சிந்துவாரா மாவட்டத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சாதாரணச் சளி, காய்ச்சல் என்று சிரப் குடித்தவர்கள். சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து போனார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசு ஆய்வகம் சோதித்தபோது அந்த பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவிகிதம். அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவிகிதம். 486 மடங்கு! தொழிற்சாலையில் ஆய்வு செய்தவர்கள் 350-க்கும் மேற்பட்ட விதிமீறல்களைப் பட்டியலிட்டார்கள். உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார். போன குழந்தைகள் போனதுதான்.

இன்னொன்று கவனியுங்கள். காம்பியா சம்பவத்துக்குப் பிறகு, ஏற்றுமதியாகும் இருமல் சிரப்பை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்கியே அனுப்ப வேண்டும் என்று 2023 ஜூன் 1 முதல் விதி வந்தது. உள்ளூரில் விற்கும் சிரப்புக்கு அப்போது அந்தக் கட்டாயம் வைக்கப்படவில்லை. வெளிநாட்டுக் குழந்தைக்கு ஒரு பூட்டு அதிகம், நம் குழந்தைக்கு ஒன்று குறைவு.

அந்தப் பூட்டு நீங்கள்தான்

இதைக் கண்டுபிடிப்பது ராக்கெட் விஞ்ஞானம் என்று நினைத்தால் தப்பு. பி.ஃபார்ம் லேபில் மெல்லடுக்கு வண்ணப் பிரிகை என்று ஒரு தட்டில் புள்ளி வைத்து, கரைப்பானில் நிறுத்தி, எந்தப் புள்ளி எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அளப்பீர்களே, அதுதான் முதல் வடிகட்டி. சந்தேகம் வந்தால் வாயு வண்ணப் பிரிகையில் உறுதி செய்துகொள்ளலாம். 'இதெல்லாம் எதுக்குப் படிக்கிறோம்?' என்று ரெக்கார்டு நோட்டில் பக்கத்து பெஞ்ச்சைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிக்கிறோமே, அந்த எக்ஸ்பெரிமெண்ட்தான் சிந்துவாராவில் செய்யப்படாமல் போன எக்ஸ்பெரிமெண்ட்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் சிலர் இன்னும் மூன்று, நான்கு வருஷத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பீர்கள். மாசக் கடைசி. லாரி கேட்டில் நிற்கும். 'ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுப்பா, சரக்கு போன மாசம் வந்த அதே சப்ளையர்தான்' என்று மேலதிகாரி சொல்வார். புது வேலை, முதல் சம்பளம், வீட்டில் கடன். கஷ்டமான நிமிஷம்தான். ஆனால் நாக்கும் மூக்கும் தோற்றுப்போன இடத்தில் கடைசி வாட்ச்மேன் உங்கள் பேனா மட்டுமே. சோதிக்காத பேரலுக்குக் கையெழுத்து இல்லை என்று சொல்ல அப்போது தைரியம் வரவேண்டுமானால், இன்றைக்கு லேபில் செய்யாத ரீடிங்கை எழுதாமல் இருந்து பழக வேண்டும். ரெண்டும் ஒரே பழக்கம்தான், அளவுதான் வேறு.

ஃபார்மசி படிக்காதவர்களுக்கும் வேலை உண்டு. கூலன்டைப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள், அது குழந்தை கைக்குப் போகும் நேர்வழி. ரேடியேட்டரைக் கழுவினால் பழசைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடியுங்கள். வடித்துச் சுத்தப்படுத்தி மறுபடி பயன்படுத்த முடிகிற பொருள் அது. எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். மெக்கானிக் அண்ணனிடம் அந்தப் பதினாறு லாரிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். ஆனால் அடுத்த தடவை கேனைச் சாய்ப்பதற்கு முன் ஒரு செகண்ட் யோசிப்பார்.

வீட்டில் குட்டித் தம்பிக்கோ அக்கா குழந்தைக்கோ இருமல் என்றால், கடைக்காரர் கொடுத்ததை அப்படியே ஊற்றாமல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணச் சளிக்கு ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு இருமல் சிரப்பே தேவையில்லை என்றுதான் பெரும்பாலான குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

பத்து அணு சேர்ந்த ஒரு சின்ன மூலக்கூறு. எஞ்சினையும் காப்பாற்றும், ஏரியின் மூச்சையும் நிறுத்தும். அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எங்கே ஊற்றுகிறோம், ஊற்றும் முன் சோதித்தோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, லேப் ரெக்கார்டு சப்மிஷன் எப்போ? போய் நிஜ ரீடிங்கை எழுதுங்க பாஸ்!